வீட்டு வெளிச்சுவருக்கு நிறம் தேர்ந்தெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் சிமென்ட் பூச்சு போட்டுக் கட்டிய வீடுகளுக்கான பக்கம் இது. புதிதாக அடிப்பவர்களுக்கும் பழைய வீட்டுக்கு மறுபடி அடிப்பவர்களுக்கும் பொருந்தும். பழைய சுண்ணாம்புச் சுவர்களுக்குத் தனியாக ஒரு கேள்வி கீழே இருக்கிறது. நிறம் முதல் நாளில் எப்படி இருக்கிறது என்பதைவிட ஐந்தாவது வருடம் எப்படி இருக்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் எல்லாமே அந்தக் கணக்கில் சொன்னவை.

ஷேட் கார்டில் பார்த்துப் பிடித்த நிறம் சுவரில் ஏன் கண்ணைப் பறிக்கிறது?

கார்டில் இருப்பது தீப்பெட்டி அளவுக்கு ஒரு சின்னக் கட்டம். அதே நிறம் 20 அடி உயரச் சுவரில் ஏறும்போது பல மடங்கு தூக்கலாகத் தெரியும். அதோடு, கடையில் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்ததை வீட்டில் நேர் வெயிலில் பார்க்கிறீர்கள். வெயிலில் எந்த நிறமும் வெளிறியும் பளீரென்றும்தான் தெரியும்.

கார்டில் “கொஞ்சம் மங்கலாக இருக்கிறதே” என்று தயங்க வைக்கும் ஷேட்தான் பெரும்பாலும் சுவரில் சரியாக வரும். மஞ்சள் வேண்டுமென்றால் எலுமிச்சை மஞ்சளை விட்டுவிட்டுச் சந்தனத்தையும் மணல் நிறத்தையும் பாருங்கள். பச்சை வேண்டுமென்றால் சாம்பல் கலந்த பச்சையைப் பாருங்கள். கார்டைக் கடைக்கு வெளியே எடுத்து வந்து வெயிலிலும் நிழலிலும் பிடித்துப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். மொபைல் திரையில் வீட்டுப் படத்துக்கு நிறம் பூசிக் காட்டும் ஆப்கள், எந்த இடத்தில் எந்த நிறம் என்று பிரித்துப் பார்க்க உதவும். ஷேட்டை முடிவு செய்ய உதவாது, ஏனென்றால் ஒவ்வொரு திரையும் ஒவ்வொரு மாதிரி காட்டும்.

எதிலிருந்து தொடங்குவது?

மாற்ற முடியாதவற்றிலிருந்து. போர்டிகோ தரை டைல், முகப்பில் ஒட்டிய கல், ஓடு, ஜன்னல் பிரேம், வாசல் நிலை ஆகியவற்றை அடுத்த 15 வருடத்துக்கு மாற்றப் போவதில்லை. பெயிண்டை மாற்றுவீர்கள். ஆகவே பெயிண்ட்தான் அவற்றோடு ஒத்துப்போக வேண்டும்.

முகப்பில் பழுப்புக் கல் ஒட்டியிருந்தால் சுவருக்கு நீலம் கலந்த சாம்பல் சேராது. பழுப்புச் சாயல் உள்ள ஐவரி, பிஸ்கட் நிறங்கள் சேரும். ஜன்னல் வெள்ளை யூபிவிசி (பிளாஸ்டிக் பிரேம்) என்றால் சுவர் ஒரு படியாவது இறங்கிய நிறமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜன்னலே தெரியாது. செம்மண் பூமியில் வீடு இருந்தால் மண்ணின் நிறத்தையும் கணக்கில் சேருங்கள். மழை தெறித்து முதல் இரண்டு அடிக்குச் செம்மண் கறை ஏறும். அந்த உயரத்துக்கு மட்டும் செங்காவி அல்லது அடர் பழுப்பில் பட்டை அடிப்பது நம் ஊர்ப் பழக்கம், நல்ல காரணத்தோடு வந்த பழக்கம்.

எந்த நிறங்கள் வெயிலில் நிற்கும், எவை வெளுக்கும்?

பெயிண்டுக்கு நிறம் தருவது அதில் உள்ள நிறமி. நிறமிகளில் பொதுவாக இரண்டு வகை. மண்ணிலும் தாதுவிலும் கிடைப்பது போன்ற கனிம நிறமிகள் ஒன்று: இரும்பு ஆக்ஸைடு தரும் காவி, மஞ்சள் காவி, பழுப்பு, கருப்பு, வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்ஸைடு, குரோமியம் ஆக்ஸைடு பச்சை. இவை வருடக்கணக்கில் வெயிலைத் தாங்கும். கரிம நிறமிகள் இன்னொன்று. பளீர் சிவப்பு, ஆரஞ்சு, எலுமிச்சை மஞ்சள், ரோஸ், ஊதா பெரும்பாலும் இவற்றால்தான் வருகின்றன. புற ஊதாக் கதிர் இவற்றின் மூலக்கூறை உடைப்பதால் நிறம் போகிறது. இதில் ஒரு விலக்கு: தாலோ நீலமும் தாலோ பச்சையும் கரிம வகைதான், ஆனாலும் அடர்த்தியாகக் கலந்தால் நன்றாகவே தாங்கும். மிக வெளிர் ஷேடில் சில துளி மட்டும் சேர்ந்தால் அவையும் சீக்கிரம் மங்கும்.

இதைக் கடையிலேயே சரிபார்க்கலாம். கலர் மிஷினில் ஷேட் எண்ணைப் போட்டதும், எந்த நிறமி எத்தனை மில்லி என்று கணினித் திரையில் பட்டியல் வரும். அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ‘யெல்லோ ஆக்ஸைடு’, ‘ரெட் ஆக்ஸைடு’, ‘பிளாக்’ என்று மட்டும் இருந்தால் பயமில்லை. ‘ஆர்கானிக் யெல்லோ’, ‘மெஜந்தா’, ‘வயலட்’ முதலிடத்தில் இருந்தால், அந்த ஷேடை மேற்குச் சுவருக்குப் போடாதீர்கள். சன்ஷேடுக்கு அடியில், போர்டிகோவின் உட்சுவரில் போட்டுக்கொள்ளலாம். கார்டிலேயே ‘உட்புறத்துக்கு மட்டும்’ என்று குறித்த ஷேட்கள் உண்டு. அந்தக் குறிப்பைக் கடைக்காரர் கவனிக்காமல் விட்டாலும் நீங்கள் கவனியுங்கள்.

சுவரின் திசையும் முக்கியம். கிழக்குக்கும் மேற்குக்கும் வருடம் முழுவதும் சாய்வான வெயில் நேராக விழும். தெற்குக்கு ஐப்பசியிலிருந்து மாசி வரை அதிகம். நம் ஊரில் சித்திரைக்குள்ளேயே நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே சாயத் தொடங்குவதால் வடக்குச் சுவரும் சில மாதம் வெயில் பார்க்கும். வெளுப்பது பொதுவாக மேற்கிலும் தெற்கிலும்தான் முதலில் தெரியும்.

பூச்சு வேலை முடிந்து பத்து நாள் ஆகிறது. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டோம். அடிக்கலாமா?

நிறப் பெயிண்ட் வேண்டாம். புதுச் சிமென்ட் பூச்சில் காரம் மிக அதிகம், பிஎச் 12-க்கு மேல் இருக்கும். ஈரம் வெளியே வரும்போது காரத்தையும் இழுத்துக்கொண்டு வரும். காரம் பட்டால் சில நிறமிகள் திட்டுத் திட்டாக வெளுத்துவிடும். பெயிண்ட் படலத்துக்கு அடியில் உப்பு பூத்துத் தள்ளும். எவ்வளவு விலை உயர்ந்த எமல்ஷனாக (தண்ணீர் கலந்து அடிக்கும் பெயிண்ட்) இருந்தாலும் இதற்கு விலக்கில்லை.

பூச்சை ஒழுங்காக நீராற்றிய பிறகு குறைந்தது 28 நாள் விட வேண்டும், மழைக்காலமென்றால் இன்னும் கூடுதலாக. விசேஷ நாளைத் தள்ள முடியாதென்றால் ஒயிட் சிமென்ட் ஒரு கோட் அடித்து விழாவை முடியுங்கள். சிமென்டோடு சிமென்ட் ஒத்துப்போகும், ஈரமும் வெளியேறும். பிறகு சுவர் காய்ந்ததும் தளர்ந்த தூளைத் தேய்த்து எடுத்து, காரத்தைத் தாங்கும் எக்ஸ்டீரியர் பிரைமர் போட்டு எமல்ஷன் அடியுங்கள்.

சுவர் காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்பக்கம் நீர்த்துளி கட்டியிருந்தாலோ, தாளுக்கு அடியில் சுவர் கருத்திருந்தாலோ இன்னும் ஈரம் இருக்கிறது. தரையை ஒட்டி ஓர் இடம், குளியலறைச் சுவரின் வெளிப்பக்கம் ஓர் இடம், கைப்பிடிச்சுவரில் ஓர் இடம் என்று மூன்று இடங்களில் பாருங்கள். ஈரம் ஒளிந்திருப்பது பெரும்பாலும் இந்த மூன்றில்தான்.

பொங்கலுக்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்கிறார்கள் வீட்டில்.

வருடத்திலேயே வெளிச்சுவருக்கு ஆகாத நேரம் அது. ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்த சுவர் மார்கழிப் பனியில் காயாது. அந்த ஈரத்தின் மேல் எமல்ஷன் படலம் போட்டால் சித்திரை வெயிலில் உள்ளே உள்ள ஈரம் ஆவியாகிப் படலத்தைக் கொப்புளமாகத் தூக்கும். மறு வருடம் உரியும். பொங்கலுக்கு வீட்டின் உள்ளேயும் வாசல் முகப்பிலும் மட்டும் அடித்துவிட்டு வெளிச்சுவரை மாசி, பங்குனிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கோடையிலும் ஒன்றைப் பார்க்க வேண்டும். கையை வைக்க முடியாத அளவுக்குச் சுட்ட சுவரில் பெயிண்ட் பாய்வதற்குள் காய்ந்து, ரோலர் தடம் வரிவரியாக நிற்கும். மேற்குச் சுவரைக் காலையிலும் கிழக்குச் சுவரைப் பிற்பகலிலும் அடிக்கச் சொல்லுங்கள்.

வெள்ளை அடித்தால் நன்றாக இருக்குமா?

வெப்பத்துக்கு வெள்ளையைவிட நல்ல நிறம் இல்லை. அழுக்குக்கு வெள்ளையைவிட மோசமான நிறமும் இல்லை. பஸ் போகும் ரோட்டோரம், செங்கல் சூளைக்குப் பக்கம், செம்மண் ஊர் என்றால் தூய வெள்ளை ஆறு மாதம்கூடத் தாக்குப்பிடிக்காது. ஜன்னல் சன்ஷேடின் இரு முனையிலிருந்தும் மீசை போல அழுக்கு வழியும். துளி மஞ்சள் காவியும் கருப்பும் சேர்ந்த முறிந்த வெள்ளை ஏறக்குறைய அதே அளவு வெயிலைத் திருப்பி அனுப்பும், தூசியை ஓரளவு மறைக்கும். சுற்றிலும் மரம், புல், தூசி குறைவு என்றால் தாராளமாக வெள்ளை அடியுங்கள்.

அடர் சாம்பல், கரும்பழுப்பு வீடுகள் இப்போது அதிகம் தெரிகின்றனவே. எங்கள் வீட்டுக்கும் அடிக்கலாமா?

முழு வீட்டுக்கும் வேண்டாம். ஒவ்வொரு ஷேடுக்கும் எல்ஆர்வி என்று ஓர் எண் உண்டு, நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதன் அளவு. கருப்பு 5-க்குப் பக்கம், நல்ல வெள்ளை 80-க்கு மேல். கம்பெனி இணையதளங்களில் ஷேட் எண்ணோடு இது இருக்கும், இல்லையென்றால் டீலரிடம் கேட்டு வாங்கலாம். பெரிய சுவர்களுக்கு 55-லிருந்து 75-க்குள் வைத்துக்கொள்வது நம் வெயிலுக்குப் பொருத்தம். 35-க்குக் கீழே உள்ளவற்றைத் தூண், பட்டை, சன்ஷேட் விளிம்பு போன்ற சின்னப் பரப்புகளுக்கு மட்டும் வையுங்கள்.

காரணம் வெப்பம் மட்டுமல்ல. அடர் நிறச் சுவர் பகலில் அதிகம் சூடேறி இரவில் ஆறும்போது விரிந்து சுருங்குவதால் பூச்சில் மயிரிழை விரிசல் கூடும். உப்பு பூத்தால் வெள்ளைத் திட்டு கரும்பலகையில் சாக்பீஸ் கோடு போலத் தெரியும். ஒரு மூலையை மறுபடி அடித்தால் ஒட்டுப் போட்டது பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

சூரிய ஆற்றலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். அதைத் திருப்பி அனுப்பும் நிறமி போட்ட ‘கூல்’ வகைப் பெயிண்ட்கள் கிடைக்கின்றன, அடர் நிறம்தான் வேண்டும் என்பவர்கள் அவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் வீட்டைக் குளிர்விக்கத்தான் பணம் ஒதுக்குகிறீர்கள் என்றால் அதை முதலில் மொட்டை மாடிக்குச் செலவிடுங்கள். நண்பகல் வெயிலை நேராக வாங்குவது மாடித் தளம். அதற்கு வெள்ளை கூல் ரூப் கோட்டிங் போடுவதில் கிடைக்கும் பலன் எந்தச் சுவர் நிறத்திலும் கிடைக்காது.

எத்தனை நிறம் போடலாம்? நிறம் மாறும் இடம் எது?

மூன்று போதும். சுவரின் பெரும்பகுதிக்கு ஒன்று, பின்வாங்கிய அல்லது முன்தள்ளிய பகுதிக்கு இரண்டாவது, விளிம்புகளுக்கு மூன்றாவது. முதல் நிறம் முக்கால்வாசிப் பரப்பை எடுத்துக்கொள்ளட்டும். ஒரே ஷேட் பட்டையில் மேலே உள்ள வெளிர் நிறத்தைச் சுவருக்கும் மூன்று படி கீழே உள்ளதை இரண்டாவது பகுதிக்கும் எடுத்தால் தவறே வராது.

நிறம் மாறும் கோடு உள்மூலையில் விழ வேண்டும், அல்லது பூச்சில் வெட்டிய குரூவில் (பள்ளக் கோட்டில்). வெளிமூலையில் மாற்றினால் பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது சுவர் அட்டையில் செய்தது போல மெலிந்து தெரியும். சமதளச் சுவரின் நடுவில் மாற்றியே ஆக வேண்டுமென்றால், பெயின்டரை நூல் அடித்துக் கோடு எடுக்கச் சொல்லி, மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப் விளிம்பில் முதலில் அடிநிறத்தையே ஒருமுறை இழுத்து அடைத்துவிட்டு, பிறகு புது நிறத்தை அடித்து ஈரம் முழுதாகக் காயுமுன் டேப்பை உரிக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் சொரசொரப்பான சுவரிலும் கோடு கசியாமல் வரும்.

செங்காவியும் வெள்ளையும் மாறி மாறி நெடுக்குப் பட்டையாகப் போடுவது கோயில் மதிலுக்கு உரியது, வீட்டுக்கு எடுக்காதீர்கள். கட்சிக் கொடியை நினைவுபடுத்தும் ஜோடியாக அமைந்துவிடுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அடித்து முடித்த பிறகுதான் பலர் இதைக் கவனிக்கிறார்கள்.

சாம்பிள் அடித்துப் பார்ப்பது எப்படி?

தேர்ந்தெடுத்த இரண்டு மூன்று ஷேட்களில் மிகச் சிறிய பேக் வாங்குங்கள். பழைய சுவரில் நேராக அடித்தால் பழைய நிறம் கண்ணை ஏமாற்றும். அதனால் இரண்டடிச் சதுர சிமென்ட் போர்டு துண்டுகளில் வெள்ளைப் பிரைமர் ஒரு கோட், ஷேட் இரண்டு கோட் அடித்து ஒரு நாள் காய விடுங்கள். காய்ந்ததும் நிறம் மாறும், ஈரத்தில் பார்த்து முடிவு எடுக்கக் கூடாது.

பிறகு அந்தப் பலகைகளைக் கிழக்குச் சுவரிலும் மேற்குச் சுவரிலும் சாத்தி வைத்துக் காலை 7 மணி, நண்பகல், மாலை 5 மணி என்று தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்று பாருங்கள். போர்டிகோ டைலுக்கும் கல்லுக்கும் பக்கத்திலும் வைத்துப் பாருங்கள். இரவில் தெருவிளக்கு வெளிச்சத்திலும் ஒருமுறை. இதற்கு ஆகும் சில நூறு ரூபாய், முழு வீட்டுக்கும் தவறான ஷேட் வாங்கிய பிறகு புலம்புவதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

வடக்குச் சுவர் மட்டும் கருப்பாகப் பாசி பிடிக்கிறது. எந்த நிறம் போட்டால் தெரியாது?

நிறத்தால் மறைக்கப் பார்க்காதீர்கள். வடகிழக்குப் பருவமழையின் சாரல் அந்தச் சுவரில் அடிக்கிறது. அதே மாதங்களில் சூரியன் தெற்கே போய்விடுவதால் அது காய்வதும் இல்லை. ஈரமும் நிழலும் சேர்ந்த இடத்தில் பாசி வரும்.

பாசி பிடித்த இடத்தில், திரவப் பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து அடித்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், ஆசிடோடு சேர்க்கவே கூடாது. காய்ந்ததும் பாசி தடுப்பு உள்ள பிரைமரும் எமல்ஷனும் போடுங்கள். அதைவிட முக்கியம், தண்ணீர் வரும் வழி. கைப்பிடிச்சுவரின் மேல்தளம் மாடிப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், தெருப் பக்கம் அல்ல. சன்ஷேடின் அடியில் விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே நீர் சொட்டும் குரூவ் இருக்க வேண்டும். இவை இல்லாமல் எந்தப் பெயிண்டும் மூன்று மழைக்கு மேல் சுத்தமாக இருக்காது.

வாஸ்துப்படி, ராசிப்படி ஒரு நிறம் சொல்லியிருக்கிறார்கள். அது பளீர் சிவப்பு.

குடும்பத்தில் மனநிறைவு வேண்டுமென்றால் அந்த நிறத்தையே போடலாம், பரப்பைக் குறையுங்கள். வாசலையொட்டிய ஒரு தூண், கேட், திண்ணைச் சுவர் போதும். சிவப்புக்குப் பதில் செங்காவி சம்மதமா என்றும் கேளுங்கள். அது இரும்பு ஆக்ஸைடு, வெளுக்காது.

பளீர் சிவப்புதான் என்றால் ஒரு செய்தி: வெள்ளை நிறமி சேராத அந்த வகை ஷேட்கள் அடியை மறைக்காது. இரண்டு கோட்டில் திட்டுத் திட்டாகத் தெரியும், மூன்று நான்கு கோட் ஆகும். முதல் கோட்டாக அதே குடும்பத்து வெளிர் செந்நிறத்தை அடித்துக்கொண்டால் ஒரு கோட் மிச்சமாகும்.

எவ்வளவு பெயிண்ட் வாங்குவது?

30-க்கு 40 அடி அளவுள்ள, தரைத்தளமும் முதல் மாடியும் கொண்ட வீடு என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 140 அடி. கைப்பிடிச்சுவரோடு உயரம் 24 அடி. பெருக்கினால் 3,360 சதுர அடி. ஜன்னல், கதவுக்கு ஏறக்குறைய 300 கழியுங்கள். கைப்பிடிச்சுவரின் உட்பக்கம் 140 × 3 = 420 கூட்டுங்கள். மொத்தம் 3,480.

நல்ல எக்ஸ்டீரியர் எமல்ஷன் வழவழப்பான சுவரில் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 50-லிருந்து 60 சதுர அடி வரும். 50 என்றே வைத்தால் 70 லிட்டர். பிரைமர் ஒரு கோட்டுக்கு லிட்டருக்கு 100 சதுர அடி என்று வைத்தால் 35 லிட்டர். டெக்ஸ்சர் போட்ட சுவர், பூச்சு சொரசொரப்பான சுவர் என்றால் பெயிண்ட் ஒன்றரை மடங்கு குடிக்கும்.

ஒரே ஷேடில் மூன்று நான்கு டின் வாங்கினால் எல்லாவற்றையும் ஒரே பெரிய டிரம்மில் ஊற்றிக் கலந்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். ஒரே எண்ணில் கலக்கிய இரண்டு டின்களுக்கு நடுவே நூலிழை வித்தியாசம் இருந்தாலும், சுவரின் நடுவில் டின் மாறினால் அது தெரியும். தண்ணீர் டின்னில் அச்சிட்ட அளவுதான். “இழுவையாக இருக்கிறது” என்று கூடுதலாக ஊற்றினால் படலம் மெலிந்து, ஒரு வருடத்தில் கை வைத்தால் மாவாக ஒட்டும்.

இந்தக் கம்பெனி ஷேடை அந்தக் கம்பெனி பெயிண்டில் கலக்கித் தருகிறார்கள். பரவாயில்லையா?

கிட்டத்தட்ட வரும், அச்சாக வராது. ஒவ்வொரு கம்பெனியின் பேஸும் (நிறமி சேர்க்குமுன் உள்ள அடிப்படைப் பெயிண்ட்) நிறமியும் வேறு. பிடித்த கம்பெனியின் சொந்தக் கார்டிலேயே நெருங்கிய ஷேடைப் பார்த்து எடுங்கள்.

வெளிச்சுவருக்குப் பட்டி பார்க்கலாமா?

முழுச் சுவருக்கும் தேவையில்லை. பட்டி அடுக்கு கனமாக விழுந்து நனைந்தால் பெயிண்டோடு சேர்ந்து தகடாகப் பெயரும். விரிசலை ‘வி’ வடிவில் கீறித் திறந்து, எக்ஸ்டீரியர் கிராக் பில்லரால் அடைத்தால் போதும். ஒயிட் சிமென்ட் பட்டியை மட்டும், வெகு மெல்லிசாக, முகப்பின் சில இடங்களில் அனுமதிக்கலாம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வெளியே கூடவே கூடாது.

காரைக்குடிப் பக்கம் தாத்தா காலத்து வீடு. சுண்ணாம்புப் பூச்சு. எமல்ஷன் அடிக்கலாமா?

அடிக்காதீர்கள். செட்டிநாட்டு வீடுகள், புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுக் காலத்து வீடுகள் போன்றவற்றில் சுவர் சுண்ணாம்புக் காரையால் ஆனது. தரையிலிருந்து ஏறும் ஓதம் சுவர் வழியே ஆவியாகி வெளியேறும். அதன் மேல் பிளாஸ்டிக் தன்மையுள்ள படலம் போட்டால் ஈரம் உள்ளே தங்கி, காரை பொரிந்து, பெயிண்டோடு கட்டியாக விழும்.

நீற்றி வடிகட்டிய சுண்ணாம்பையே அடியுங்கள். நிறத்துக்குச் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் நிறமிகள் மட்டும்: மஞ்சள் காவி, செங்காவி, அல்ட்ராமரைன் நீலம். புதுச்சேரியில் வெள்ளை விளிம்போடு தெரியும் மஞ்சளை மஞ்சள் காவி கொண்டே எட்டிவிடலாம். கெட்டியாக ஒரு கோட் அடிப்பதைவிட, சுவரை நனைத்துக்கொண்டு நீர்க்க மூன்று கோட் அடிப்பதுதான் நிற்கும். காய்ந்ததும் நிறம் பாதியாக வெளுக்கும், அதைக் கணக்கில் வைத்துக் கலக்குங்கள்.

கிரில், கேட்டுக்கு என்ன நிறம்?

அடர் பழுப்பு, கரும்சாம்பல், கருப்பு. துரு எளிதில் தெரியாது. கடலோரத்தில் வெள்ளைக் கிரில் போட்டால் மூட்டுகளிலிருந்து துருக்கறை சுவரில் வழியும். துருவைச் சுரண்டி எடுத்து, துருத்தடுப்பு பிரைமர் போட்ட பிறகே எனாமல்.

சுரண்டும்போது எச்சரிக்கை தேவை. வீட்டுப் பெயிண்ட்களில் ஈயம் 90 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறையில் உள்ளது. அதற்கு முன் அடித்த மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமல்களில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, தூளை அள்ளி அப்புறப்படுத்துங்கள். அந்த நேரத்தில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அருகில் இருக்கக் கூடாது.

பளபளப்பு வேண்டுமா, மேட்டா?

பூச்சு அலை அலையாக இருந்தால் மேட், குறையைக் காட்டாது. பூச்சு நேராக இருந்து ரோட்டோரத் தூசியும் இருந்தால் லேசான ஷீன் (மெல்லிய பளபளப்பு), மழையிலேயே கழுவிக்கொள்ளும்.

இரண்டு வருடம் கழித்து ஒரு மூலை மட்டும் அடிக்க வேண்டி வந்தால்?

பெயிண்ட் வாங்கிய அன்றே டின் மூடியில் ஒட்டிய சீட்டைப் படம் எடுத்து வையுங்கள். கம்பெனி, பெயிண்ட் வகையின் பெயர், ஷேட் எண், பேஸ் நான்கும் வேண்டும். ஷேட் எண் மட்டும் போதாது, அதே எண்ணை வேறு வகைப் பெயிண்டில் கலக்கினால் நிறம் மாறும். மிச்சத்தில் ஒரு லிட்டரைத் தண்ணீர் சேர்க்காமல், விளிம்பு வரை நிரம்பும் சின்ன டப்பாவில் இறுக்கி மூடி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் அதே பெயிண்டைத் தொட்டால்கூட, வெயில் பட்ட சுவரில் புதுசு தனியாகத்தான் தெரியும். கையகல இடத்துக்கு மட்டும் அடிக்காமல், அந்தச் சுவரின் ஓர் உள்மூலையிலிருந்து அடுத்த உள்மூலை வரை முழுதாக அடியுங்கள்.